ரசீது யார் பேருக்குப் போட?

"சார், கணக்குல மூணு சிப்பம் அரிசி இடிக்குது" என்றான் பொருளாளர் தம்பி.

2024 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் வெஸ்ட்ரி அறையில் நாங்கள் இரண்டு பேரும் வெள்ள நிவாரணக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தோம். அவன் வங்கியில் வேலை பார்க்கிறவன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சபைக்குச் செயலாளர். என் கணக்கில் தப்பு வராது என்று எனக்கு ஒரு தலைக்கனம் உண்டு. நோட்டை அவன் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை காலை நிவாரண லாரி வந்து சேரும் வரைக்கும் அரிசி வரவு 11 சிப்பம், அதாவது 25 கிலோ மூட்டை 11. செலவு 14.

"அது கர்த்தர் கொடுத்தது" என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சபை முழுக்கக் கேட்க, அதைத்தான் சாட்சியாகச் சொல்லியிருந்தேன்.

அவன் பேனாவை மூடவில்லை. "சரி சார். ரசீது யார் பேருக்குப் போட?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போன கதைதான் இது.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் வட்டத்தில், தாமிரபரணிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. கேரல் ரவுண்டு போய்க்கொண்டிருந்த நாட்கள். காலை ஆராதனை முடியும்போதே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பிறகுதான் படித்தோம். அன்றைக்கு எங்களுக்கு எந்த எண்ணும் தெரியாது. கரண்ட் போனது, போன் செத்தது, திங்கட்கிழமை விடியும்போது கீழத் தெருவில் வீட்டு ஜன்னல் வரைக்கும் தண்ணீர். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டதும் அந்த ராத்திரிதான். அத்தனை பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் காதில் விழுந்தது.

ஆலயம் மேட்டில் இருப்பதால் தப்பித்தது. ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியார் மணியை விடாமல் அடித்தார். கீழத் தெருக்காரர்கள், ஆற்றோரத்து வீடுகள், பக்கத்துக் குடியிருப்பு என்று மதியத்துக்குள் 400 பேர் ஹாலிலும் ஆலயத்துக்குள்ளேயும் வந்துவிட்டார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை.

கிறிஸ்துமஸ் அசனத்துக்கென்று, அதாவது சபை விருந்துக்கென்று, வாங்கிவைத்த 4 சிப்பம் ஹாலில் இருந்தது. மளிகைக்கடை அண்ணாச்சி, தன் கடைக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதே, மேல் தட்டில் ஏற்றி வைத்திருந்த 7 சிப்பத்தைத் தள்ளுவண்டியில் அனுப்பிவிட்டார். "எடுத்துட்டுப் போங்க, கணக்கைப் பொறவு பாப்போம்." சமையலுக்கு ஆள் கிடைத்ததுதான் பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சமைக்க வந்த மாஸ்டர், பாலம் முங்கிப் போனதால் திரும்பிப் போக வழியில்லாமல் எங்களோடு மாட்டிக்கொண்டார். ஆற்றுக்கு அக்கரையில் அவர் ஊர். எங்களை விடத் தாழ்வான ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஆலயத்துப் பழைய பெஞ்சுகளில் கால் உடைந்து ஓரமாகக் கிடந்தவற்றைப் பிளந்து அடுப்பெரித்தார்.

நான் என்ன செய்தேன்? ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையை ஒழுங்கு பண்ணினேன், பால்பவுடரைப் பங்கு போட்டேன், படகுக்காரர்களோடு பேசினேன். மூன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஆனால் இரண்டாம் நாளே எனக்குள் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்ற நினைப்புத்தான். யாராவது ஏதாவது சொல்ல வந்தால், "பொறவு, பொறவு" என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் சோறு சரியில்லை. ஓலைப்பாயில் வடித்துக் கொட்டிய சோற்றில் பாதி குழைந்து கிடந்தது, பாதி நறுக்கு நறுக்கென்று நின்றது. ஒரு பிள்ளை கடித்துவிட்டுத் துப்பியது. மாஸ்டர் என்னிடம் வந்து, "சார், அரிசி ஒரே அரிசி இல்ல. ஒண்ணு குழையுது, ஒண்ணு நிக்குது. பதம் பாக்க முடியல" என்றார்.

"சிப்பத்துல இருக்கது ஒரே பொன்னிதான. உமக்குப் பதம் பாக்கத் தெரியலன்னு சொல்லும்" என்றேன். வரிசையில் நின்ற நூறு பேர் முன்னால், வகுப்பில் பையன்களிடம் பேசுகிற அதே குரலில்.

அவர் ஒன்றும் சொல்லாமல் அடுப்புக்குத் திரும்பிப் போனார். அன்று ராத்திரியிலிருந்து இட்ட உலையில் பாதி வெந்ததும் ஒரு பங்கை முதலில் அரித்தெடுத்து, மிச்சத்தை இன்னும் கொஞ்சம் வேகவிட்டு வடித்தார். இரட்டை வேலை. அதை நான் பார்த்தேன். எதற்கு என்று யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிறிஸ்துமஸ் ஆராதனையை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடத்தினோம்.

2024 ஜனவரி 7 ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். வாசலில் ஃப்ளெக்ஸ். அதில் ஐயரின் படம் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்), அவருக்குப் பக்கத்தில் என் படம். வைக்கச் சொன்னது நான் இல்லை, ஆனால் அச்சுக்குப் போகும்முன் போனில் அனுப்பிக் காட்டினார்கள், நான் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "தேவனுக்கே மகிமை" என்று மேலே பெரிதாகப் போட்டிருந்ததால் என் மனச்சாட்சி சும்மா இருந்துவிட்டது.

சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். 20 நிமிஷம் பேசினேன். "நான் ஒன்றுமில்லை, எல்லாம் கர்த்தர் செய்தது" என்றுதான் ஆரம்பித்தேன். சாறிபாத் ஊர் விதவையின் கதையை எடுத்துக்கொண்டேன். எலியா தீர்க்கதரிசியின் நாளில் பானையில் மா செலவழிந்து போகவுமில்லை, கலசத்தில் எண்ணெய் குறைந்து போகவுமில்லை என்று வாசிக்கிறோமே, அந்தக் கதை. "நம்மிடம் இருந்தது 11 சிப்பம். நான் கணக்குப் பார்த்தேன். வியாழக்கிழமை மத்தியானம் சாக்கு காலியாயிருக்க வேண்டும். காலியாகவில்லை! நான் கண்ணால் பார்த்தேன்!" அல்லேலூயா என்று நாலு பக்கமும் சத்தம் வந்தது. எனக்குப் புல்லரித்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது, காலேஜில் படிக்கிற என் மகள் வேதாகமத்துக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு, நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு. நான் அவளுக்கு ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த நேர்க்கோட்டுக் குறிகள்.

"நான் 43. கர்த்தர் 9. 'நான் ஒன்றுமில்லை'யையும் சேர்த்துத்தான்ப்பா" என்றாள்.

இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

இனி பிப்ரவரிக்கு வருகிறேன். "ரசீது யார் பேருக்குப் போட?" என்று தம்பி கேட்டபோது என் மனதில் முதலில் வந்தது கோபம். விசுவாசக் குறைவு என்று அவனுக்குப் பிரசங்கம் பண்ணவும் வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தச் சோறு கண்முன் வந்தது. ஒண்ணு குழையுது, ஒண்ணு நிக்குது. ஒரே சாக்கில் ஒரே பொன்னி இருந்திருந்தால் அது எப்படி நடக்கும்? 25 வருஷம் பிள்ளைகளுக்கு, 'கொடுக்கப்பட்டவை என்ன என்று முதலில் பார்' என்று சொல்லிக்கொடுத்தவன் நான். கொடுக்கப்பட்டதைச் சமையல்காரர் கையில் வைத்துக் காட்டினார். நான்தான் பார்க்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். முன்சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது, என் நெஞ்சு உயரத்துக்கு. உள்ளே கட்டில் இல்லை, பீரோ இல்லை. புதுப் பாய் இரண்டு சுருட்டி வைத்திருந்தார்கள். எங்களுக்குச் சமைத்துப் போட்ட அத்தனை நாளும் மனைவியும் பிள்ளைகளும் எங்கே இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாதாம். பள்ளிக்கூடத்து மாடியில் பத்திரமாக இருந்திருக்கிறார்கள்.

அரிசியைப்பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கைப்பிடி அரிசி அக்காவும் அவிய மருமவளும் செவ்வா, புதன் ரெண்டு ராத்திரியும் வாளி வாளியாக் கொண்டாந்து சாக்குல கொட்டுனாங்கள்லா. ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்காரி உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் தனியாகப் போட்டுவிடுவாள், 'இது கர்த்தருக்கு' என்று. மாதத்துக்கு ஒருதரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தர் வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்ப்பார். ஒரு வீட்டில் ரேஷன் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சை, ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி. எல்லாம் ஒரே டிரம்மில். அதை ஒரே உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று நிற்கும். மாஸ்டர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

அக்கா வீட்டுக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்குகிறது.

"ராத்திரி அரிசி கொண்டாந்து கொட்டினது நீங்களாக்கா?"

"ஆமா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க தம்பி காது குடுத்துக் கேட்டீய? ரெண்டு தடவ வந்தேன். 'அக்கா, பொறவு பாப்போம்'னு சொல்லிட்டுப் போயிட்டீய. சரி, சோறு வேகணும்லா, நாங்களே கொண்டாந்து கொட்டிட்டோம்."

வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று அவர் இரகசியமாகக் கொடுத்திருப்பார் என்றுதான் பைக்கில் வரும்போது நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அடுத்த சாட்சிக்கு அருமையான கதை. ஆனால் அவர் ஒளிக்கவே இல்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அரிசி விதவைகளுக்கென்று சேர்த்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஏழு பேருக்குப் பங்கு வைத்து, ஆளுக்கு ஒரு சேலையோடு கொடுப்பார்கள். அக்கா அந்த மழையில் குடையோடு போய் ஏழு பேரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார். "எங்க அரிசிதான, கொண்டுபோய்க் கொட்டு" என்று ஏழு பேரும் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் வீட்டில் தண்ணீர் ஏறி எங்கள் ஹாலிலேயே இருந்தவர்கள். ஆக, வாளியில் வந்த 75 கிலோ, அதாவது என் 3 சிப்பம், அவர்களுடையது. ஜனவரி 7 அன்று நான் சாறிபாத் ஊர் விதவையை உவமைக்கு இழுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த ஏழு பேரும் இடது பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் சாட்சியில அப்படிச் சொன்னப்ப உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?"

"எப்படிச் சொன்னப்ப?"

"அரிசிய கர்த்தர் குறையாம வச்சாருன்னு."

"அவர்தான வச்சார். அதுல என்ன பொய்யி இருக்கு?" கீரைக் காம்பைத் தூக்கி ஆட்டுக்குப் போட்டார். "நீங்க பேசுனதுதான் ரொம்ப நேரம். எனக்கு இடுப்பு வலிச்சுட்டு."

இதைப்பற்றி ரொம்ப நாள் யோசித்தேன். அக்கா சொன்னதும் நான் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். ஆனால் அவர் வாளியைத் தூக்கிவிட்டுச் சொன்னார். நான் வாளி தூக்கியவர்களை மறைத்துவிட்டுச் சொன்னேன். 'கர்த்தரே செய்தார்' என்பதை ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி விரித்து, மாஸ்டரையும் மளிகைக்கடை அண்ணாச்சியையும் ஏழு விதவைகளையும் அதற்குள் போட்டு மூடிவிட்டேன். வெளியே மைக்கோடு நின்றவன் நான் ஒருத்தன்தான். மனுஷர் ஒருவரையும் புகழக்கூடாது, தேவனுக்கே மகிமை என்று சொல்கிற ஊழியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படம் மட்டும் போஸ்டரில் இருக்கும். நானும் அந்த ஜாதிதான் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பவுல் அப்படிச் செய்யவில்லை. கொரிந்து சபையில் 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று சண்டை. அதற்கு அவர் எழுதின பதிலில், "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்கிறார். நட்டவன் பெயரும் இருக்கிறது, தண்ணீர் விட்டவன் பெயரும் இருக்கிறது, மகிமை போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. கிருபையைப்பற்றி அத்தனை ஆழமாக எழுதிய ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், பெர்சியாள் என்று பெயர்ப் பட்டியல். நிருபத்தைக் கையால் எழுதிக்கொடுத்த தெர்தியு கூட நடுவில் புகுந்து தன் வாழ்த்துதலைச் சொல்லிவிடுகிறார். வேத வாசிப்பில் அந்த அதிகாரம் வந்தால் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று வேகமாக ஓட்டிவிடுவேன். இப்போது ஓட்டுவதில்லை.

ரசீது விஷயத்தை முடித்துவிடுகிறேன். 'பெயர் வெளியிட விரும்பாத சகோதரி' என்று போட்டுவிடலாம் என்றேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா அப்படிக் கேட்டாங்களா? இல்லல்லா. சங்கத்து அரிசி, சங்கத்துப் பேர்ல வரணும். விதவைகளுக்குப் போக வேண்டியது இங்க வந்திருக்கு, அதுக்கும் எழுத்து வேணும்" என்றான். பெண்கள் ஐக்கிய சங்கம், கைப்பிடி அரிசி, 75 கிலோ என்று ரசீது போட்டு, அந்த ஏழு பேருக்கும் அரிசியைச் சபைப் பணத்தில் திருப்பிக் கொடுத்தோம். தர்மத்தை அந்தரங்கமாகச் செய் என்பது கொடுக்கிறவனுக்குச் சொன்னது. வாங்கிச் செலவழிக்கிறவன் அதைச் சாக்காக வைத்துக் கணக்கு எழுதாமல் விட்டால் அதற்குப் பெயர் தாழ்மை இல்லை. எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது பவுல் கூடவே சாட்சிக்கு ஆட்களை அனுப்பினார், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சொல்லி. ஊழியத்தில் இருக்கிற தம்பிமார் ஒருத்தர் விடாமல் ரசீதுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் பெருமையைப் பிடித்துக் கொடுத்தது பிரசங்கம் அல்ல, ரசீதுப் புத்தகம்தான்.

மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டது லேசாக முடியவில்லை. அவர் வீட்டில் வைத்தே கேட்டேன். "அத விடுங்க சார், சமையல்காரன்னா நாலு திட்டு வாங்கத்தான செய்வான்" என்றார். அது எனக்கு இன்னும் குத்தியது. திட்டினது நூறு பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் நாலு சுவருக்குள் என்றால் அது பாதிக் கடன். கொஞ்ச நாள் கழித்து அவரையும் மளிகைக்கடை அண்ணாச்சியையும் வரச் சொல்லி, அறிவிப்பு நேரத்தில் மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டேன். எழுதி வைத்துத்தான் வாசித்தேன். முந்தின ராத்திரி மகளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு 'நானை' அடித்துவிட்டு, "இந்த மூணாவது 'நான்' இருக்கட்டும்ப்பா, திட்டினது நீங்கதான" என்று திருப்பிக் கொடுத்தாள். அண்ணாச்சி நெற்றியில் திருநீறோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெயர் சொன்னதும் எழுந்து கும்பிட்டுவிட்டு, கடையைத் திறக்கணும் என்று உடனே கிளம்பிப் போய்விட்டார்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது, அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பகிர்வு பொய்யாகிவிடும். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாருக்கு எவ்வளவு தாழ்மை!" என்றார்கள். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல் வாயில் கற்கண்டு மாதிரிக் கிடந்தது. சாயங்காலம் தனியாக நடக்கும்போது எடுத்து எடுத்துச் சப்பிப் பார்த்தேன். தாழ்மை என்பது நம் கையில் இருக்கிறது என்று தெரிந்த நிமிஷமே நழுவிவிடுகிற வழுக்கு மீன். அதைப் பிடிக்க முயற்சி பண்ணுவதையே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, செய்யக்கூடிய சில சின்ன விஷயங்களை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

யாராவது குறை சொல்ல வந்தால், முதலில் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது. சோறு என்றால் சோறு, கணக்கு என்றால் கணக்கு. பதில் அதற்குப் பிறகுதான். 'பொறவு பாப்போம்' என்ற வார்த்தையை வாயிலிருந்து எடுக்க இன்னும் படாத பாடு படுகிறேன். சாட்சி என்றால் எழுதிக்கொண்டு போவது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது. அதற்குள் யார் யார் கை பட்டது என்று பெயர் சொல்லிவிடுவது, சபைக்கு வெளியே உள்ளவர்களை முதலில். அப்புறம், யாராவது "நல்லாச் செஞ்சீங்க சார்" என்றால் முன்பெல்லாம் கண்ணை மேலே தூக்கி, "எல்லாம் கர்த்தர்" என்பேன். சொன்னவருக்கு அதற்குமேல் பேச வழியில்லாமல் போய்விடும். இப்போது "சந்தோஷம்" என்று மட்டும் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் ஜெபத்தில் அதைச் சேர வேண்டியவரிடம் சேர்த்துவிடுகிறேன். இது சரியா என்று ஐயரிடம் கேட்டேன். பாராட்டைத் தபால்காரன் மாதிரி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள், வழியில் பிரித்துப் படிக்காமல் இருந்தால் சரி என்றார். எப்போதாவது பிரித்துப் படித்துவிடுகிறேன்.

அந்த வருஷம் பள்ளிப் பிள்ளைகளைத் தோனாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அயர்லாந்து மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் அங்கே வந்து, கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக வீடு உண்டாக்கியவர். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். 1951 ஜனவரியில், 83 வயதில், இறந்தார். கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள், அதில் தாய் என்று அர்த்தம் வருகிற ஒரே ஒரு சொல். எனக்கு அங்கே நிற்கும்போது எங்கள் ஹால் கல்வெட்டு ஞாபகம் வந்தது. அதில் மேலிருந்து ஐந்தாவது வரி நான், பட்டத்தோடு. கட்டின கொத்தனார் பெயர் இல்லை. உடைத்து எடுக்கவா முடியும்? இருக்கட்டும், தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

அடுத்த கிறிஸ்துமஸ் அசனத்தின் பொறுப்பைப் பொருளாளர் தம்பியிடம் விட்டேன். விட்டேன் என்று சொல்வது சுலபம். அவன் வரிசையை எடுத்துவிட்டு டோக்கன் வைத்தான். நான் 14 வருஷமாக வடக்கு வாசலில் வைத்த பந்தியை மேற்கே மாற்றினான். என் வாய் மூன்று தடவை திறந்தது, இரண்டு தடவை மூடிவிட்டேன். மூன்றாவது தடவை சொன்னதை அவன் கேட்டுக்கொண்டு, "பாப்போம் சார்" என்றுவிட்டுப் போய்விட்டான். என் வார்த்தையே எனக்குத் திரும்பி வந்தது. மேற்கு வாசல் பந்தி நன்றாகத்தான் நடந்தது, நிழல் இருந்தது.

எனக்கு மாஸ்டருக்குக் கீழே எடுபிடி வேலை. விடியற்காலை நாலு மணிக்கு, ஹாலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியாகிவிட்டது. ஏழு விதவைகளுக்கும் பங்கு கொடுத்தது போக மிஞ்சிய கைப்பிடி அரிசியை அக்காவும் மருமகளும் இரண்டு வாளியில் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் ஒரு பிடி அள்ளி, டியூப்லைட் வெளிச்சத்தில் விரலால் கிளறிப் பார்த்தார்.

"சார், இத தனி அண்டாவுல போடுவோம். கூட்டாஞ்சோறு மாதிரி ஆக்கிரலாம், குழைஞ்சா தெரியாது."

"சரி மாஸ்டர்" என்று காலிச் சாக்கை எடுத்து வாயை விரித்துப் பிடித்தேன். அக்கா வாளியைச் சாய்த்தார்.

"நல்லா விரிச்சுப் பிடிங்க தம்பி, கீழ சிந்துது."